கண்டலும் கரும்பலகையும்

நெய்தல் திணையின் கருப்பொருள்கள் யாவை என்று பள்ளித் தேர்வில் ஒரு வினா வரும். நம்மில் அதற்கு விடை எழுதாதவர் எவரும் இலர். தெய்வம் வருணன், பறவை கடற்காகம், விலங்கு சுறா, பண் செவ்வழி, மரம் புன்னை, ஞாழல், கண்டல் என்று மூச்சு விடாமல் ஒப்பித்திருக்கிறோம். நானும் எழுதினேன், முழு மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் கண்டல் என்னும் மரத்தை என் கண்ணாற் கண்டது இருபது வயதைக் கடந்த பிறகுதான். அதுவும் தமிழகத்திற் காணவில்லை; வங்கக் கடலைத் தாண்டி, அந்தமான் தீவிலே கண்டேன். கண்டபோதும் இதுதான் கண்டல் என்று எனக்குத் தெரியவில்லை. சேற்றில் கால் பரப்பி நிற்கும் ஏதோ ஒரு காட்டு மரம் என்றே எண்ணினேன்.

புத்தகத்தில் படித்த பொருளை நிலத்தில் காணாமலே ஒருவன் கற்றவனாகிவிட முடியுமா? முடியும் என்ற நம்பிக்கையிலேதான் நம் பள்ளிகள் நடக்கின்றன. நானும் அப்படியே நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கையைக் குலைத்தவர்கள் பேராசிரியர்கள் அல்லர். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேர். அந்தக் கதையையும், அதிலிருந்து எனக்குத் தோன்றிய கருத்தையும் நம் மன்ற இதழின் வாயிலாக நண்பர்கள் முன் வைக்க விரும்புகிறேன். ஆசிரியத் தொழிலுக்குப் போக எண்ணும் நண்பர்கள் நம்மிடையே பலர் இருப்பதால், இஃது என் சொந்தக் கதையாக மட்டும் நின்றுவிடாது என்பது என் எண்ணம்.

நான் பிறந்தது விளாத்திகுளத்துக் கரிசல் காட்டில். கம்பும் உளுந்தும் மிளகாயும் மல்லியும் விளையும் மண். சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடும் மண். என் தாத்தா ஒரு பிடி மண்ணைக் கையிலே எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு, “இன்னும் இரண்டு நாள் பொறுத்து விதைக்கலாம்” என்பார். அவர் பள்ளிக்கூடத்து நிழலில் ஒதுங்காதவர். அப்பா கொத்தனார். வேலை தேடித் தீவுக்குப் போனவர் அங்கேயே நிலைத்துவிட்டார். நான் பி.எஸ்ஸி. முடித்ததும், சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பலில் குடும்பமே அவரிடம் போய்ச் சேர்ந்தது. அன்றைய போர்ட் பிளேர், 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று வழங்குகிறது. அங்கேதான் பி.எட். படித்தேன். அதன் பிறகே இப்பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. இயற்பியலுக்கு வந்து சேர்ந்தேன்.

தீவு எனக்கு எல்லா வகையிலும் பழகாத நாடாக இருந்தது. எங்கள் ஊரில் ஆண்டு முழுதும் பெய்யும் மழை அறுநூறு எழுநூறு மில்லிமீட்டர். அங்கே ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். எங்கள் ஊரில் கண்ணுக்கு எட்டிய தூரம் வானம். அங்கே கண்ணுக்கு எட்டிய தூரம் மரம். வகுப்பிலே வந்து அமரும் பிள்ளைகளும் ஓரினத்தார் அல்லர். 1949-ஆம் ஆண்டு முதல் கிழக்கு வங்கத்திலிருந்து குடியேற்றப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் இருப்பர், காட்டு வேலைக்காகச் சோட்டா நாகபுரியிலிருந்து கொண்டுவரப்பட்டு, ‘ராஞ்சி’க்காரர் என்று அழைக்கப்படுவோரின் பிள்ளைகள் இருப்பர், தெலுங்கர், மலையாளிகள், நம் தமிழர் ஆகியோரும் இருப்பர். இவர்கள் எல்லாரையும் இணைக்கும் மொழி இந்தி. என் இந்தியோ அரைகுறை. புத்தக மொழியான ஆங்கிலத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவாறு காலந் தள்ளினேன்.

பி.எட். படிப்பின் இரண்டாம் ஆண்டில் பதினாறு வாரம் ஒரு பள்ளியிலே தங்கிப் பாடம் நடத்த வேண்டும். எனக்குக் கிடைத்தது தென் அந்தமானில் ஒரு பள்ளி. ஏழாம் வகுப்பு விஞ்ஞானம். முதல் மாதத்திலேயே கடலின் ஏற்றவற்றத்தைப் பாடமாக நடத்தினேன். சந்திரனின் ஈர்ப்பு, சூரியனின் ஈர்ப்பு, அமாவாசை, பௌர்ணமி என்று கரும்பலகை நிறைய வட்டமும் அம்பும் வரைந்தேன். பின்னர் இருபது மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வும் வைத்தேன். நண்டு பிடித்து விற்கும் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் மூன்று மதிப்பெண் வாங்கினான். ‘ஏற்றவற்றம் எவ்வாறு உண்டாகிறது?’ என்ற வினாவுக்கு நேரே வெற்றிடம் விட்டிருந்தான். சிவப்பு மையினால் அதைச் சுழித்து, ‘கவனம் தேவை’ என்று எழுதினேன். எவனுக்குக் கவனம் தேவைப்பட்டது என்பது சில நாட்களில் விளங்கியது.

வெளிக்களக் கல்வியைப் பற்றிப் பயிற்சிக் கல்லூரியிலே நிறையக் கேட்டிருந்தேன். 1901-ஆம் ஆண்டில் சாந்திநிகேதனில் தாகூர் மர நிழலில் தொடங்கிய பள்ளியைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதியிருந்தேன். அந்த உற்சாகத்தில் பிள்ளைகளை அருகிலுள்ள கழிமுகத்துக்கு அழைத்துப் போகத் திட்டமிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குப் போய் இடத்தைப் பார்த்து வந்தேன். நீர் வற்றிச் சேறு நன்றாகத் தெரிந்தது. வேர்களெல்லாம் வெளியே நின்றன. பன்னிரண்டு நாள் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, அதே ஒன்பதரை மணிக்குப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துச் சென்றேன்.

சேற்றில் இறங்குமுன் அந்த நண்டுக்காரச் சிறுவன் என் பக்கம் வந்து, “சார், ஜுவார் ஏறுகிறது” என்று இந்தியில் சொன்னான். ஜுவார் என்றால் கடற்பெருக்கு. எனக்கு அந்தச் சொல் அன்று தெரியாது. ஏதோ சாக்குச் சொல்கிறான் என்று எண்ணி, “பேசாமல் வரிசையில் வா” என்று அதட்டினேன். கண்டலின் தாங்குவேர்களைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். சேற்றிலிருந்து பென்சில் போல நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சு வேர்கள் காற்றை எப்படி வாங்குகின்றன என்று நானே புத்தகத்தைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி கழிந்தது. திரும்பிப் பார்த்தால் நாங்கள் காலை நனைக்காமல் தாண்டி வந்த சிறு ஓடை முழங்காலுக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் அலறவில்லை, நான்தான் நடுங்கினேன். ஒரு சிறுமியின் செருப்பு சேற்றோடு போயிற்று. ஒருவன் வழுக்கி விழுந்து, சிப்பி கீறிக் காலில் இரத்தம் வந்தது. அப்போது நான் அதட்டிய அந்தச் சிறுவன் ஒரு சொல்லும் பேசாமல் முன்னே நடந்தான். வேர்களின் மேலேயே காலை வைத்து, நாங்கள் வந்த வழியை விட்டு வேறு வழியாக மேட்டுக்கு ஏறினான். இருபத்தேழு பிள்ளைகளும் ஓர் ஆசிரியனும் அவன் பின்னே நடந்தோம்.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். சந்திர நாள் 24 மணி 50 நிமிடம். ஆகவே பெருக்கும் வற்றும் நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தும். பன்னிரண்டு நாளுக்குப் பத்து மணி நேரம். முன்பு காலை ஒன்பதரைக்கு இருந்த வற்று, அந்த வெள்ளிக்கிழமையன்று மாலை ஏழரைக்குப் போயிருக்கும். அதற்கு முந்திய வற்று காலை ஏழு மணியளவில் முடிந்திருக்கும். ஆகவே நான் பிள்ளைகளைச் சேற்றில் இறக்கியது, நீர் ஏறத் தொடங்கி இரண்டரை மணி நேரம் ஆன பிறகு. ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்தான். சந்திரனின் ஈர்ப்புக்குச் சூத்திரம் எழுதத் தெரிந்த எனக்கு அந்தப் பெருக்கலைச் செய்யத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை? எங்கள் மன்னார் வளைகுடாக் கரையில் கடல் ஏறுவதும் இறங்குவதும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். கரையில் நின்று பார்ப்பவனுக்கு அது பெரிதாகத் தெரியாது. தீவிலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அஃது இரண்டு மீட்டர் வரை போகும். என் நிலத்தின் பழக்கத்தை இன்னொரு நிலத்தின்மேல் ஏற்றி வைத்தேன். பழகாத நாட்டுக்குப் போகிறவன் செய்யும் முதற் பிழை இதுதான் போலும்.

மறுநாள் பெற்றோர் சிலர் வந்தனர். தலைமையாசிரியை என்னை அழைத்தார். கோபப்படவில்லை. ஒரே ஒரு வினாக் கேட்டார்: “அந்தக் கழிமுகத்தில் முதலை எச்சரிக்கைப் பலகை எந்தப் பக்கம் இருக்கிறது?” எனக்குத் தெரியவில்லை. உவர்நீர் முதலைகள் வாழும் நாடு அது. “இனிப் பிள்ளைகள் வேலியைத் தாண்ட வேண்டா” என்று சொல்லிவிட்டார்.

நண்பர்களே, இக்கதையைக் கேட்பவர் பலர், “அதனால்தான் சொல்கிறோம், பாடம் வகுப்பறையிலேயே நடக்கட்டும்” என்பர். வெளிக்களக் கல்விக்கு எதிராகச் சொல்லப்படும் முதல் வாதம் இதுவே: ஆபத்து. நான் இதை எளிதாகத் தள்ளிவிடமாட்டேன். அந்த ஆபத்தை என் அறியாமையினால் உண்டாக்கியவன் நானேதான். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்தப் பிள்ளைகளின் வீடுகள் அந்தக் கழிமுகத்தின் கரையிலேதான் இருக்கின்றன. பள்ளி மணி அடித்தவுடன் அவர்கள் போவது அங்கேதான். நாம் வேலியைப் பூட்டினால் ஆபத்து நீங்கிவிடாது. அந்த ஆபத்தைப் பற்றி நாம் கற்பிக்கும் வாய்ப்பு மட்டுமே நீங்கும்.

இதற்கு நூற்றுக்கணக்கான மைல் அப்பாலிருந்து ஒரு சான்று உண்டு. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் புக்கெட் தீவுக் கடற்கரையில் பத்து வயது ஆங்கிலச் சிறுமி ஒருத்தி தன் பெற்றோருடன் நின்றாள். கடல் நுரைத்து விந்தையாகப் பின்வாங்குவதைக் கண்டாள். இரண்டு வாரத்துக்கு முன் அவள் பள்ளியில் ஆழிப்பேரலையைப் பற்றி ஒரு புவியியற் பாடம் நடந்திருந்தது. பாடத்தில் கண்டதும் கடலில் கண்டதும் ஒன்றே என்று அவள் உடனே உணர்ந்து சொன்னாள். கரையிலிருந்த ஏறத்தாழ நூறு பேர் பிழைத்தனர். இந்தோனேசியாவின் சிமெலுவே தீவில் 1907-ஆம் ஆண்டுப் பேரலையின் நினைவைப் பாட்டிமார் ‘ஸ்மோங்’ என்ற ஒரே சொல்லில் வைத்துப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். நிலம் நடுங்கிக் கடல் பின்வாங்கினால் மலைக்கு ஓடு என்பதே அச்சொல்லின் பொருள். நில நடுக்கத்தின் தோற்றுவாய்க்கு மிக அருகில் இருந்தும், ஏறத்தாழ 78,000 பேர் வாழும் அத்தீவில் 2004-ஆம் ஆண்டில் இறந்தவர் ஏழு பேர்தாம். ஒன்று பள்ளியின் அறிவு. மற்றொன்று பாட்டியின் அறிவு. இரண்டையும் இணைப்பது எது? கடலைக் கண்ணால் பார்க்கும் பழக்கம். அது கரும்பலகையிலிருந்து வராது.

அதே நாளில் நிக்கோபார்த் தீவுகளில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். கடலை அறியாதவர்கள் அல்லர் அவர்கள். நடுக்கம் அருகிலே நேர்ந்தது. அலை சில நிமிடங்களில் வந்தது. கார் நிக்கோபார் போன்ற தட்டைத் தீவில் ஓடி ஏற மேடும் இல்லை. அறிவு எல்லாரையும் காக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. காக்கக்கூடிய இடத்திலும் அறிவைக் கொடுக்காமல் இருப்பது நம் குற்றம் என்றே சொல்கிறேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். வேலிக்குள்ளே அடைபட்ட நான் வேலிக்குள்ளேயே ஒரு வெளிக்களம் தேடினேன். தீவில் காலை ஐந்து மணிக்கெல்லாம் வெளுத்துவிடும். டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே பொழுது சாயும். பிள்ளைகளுக்கு இதில் வியப்பில்லை. எனக்குத்தான் அது நாள்தோறும் வியப்பு. செப்டம்பரில் மழை விட்ட ஒரு நாள் பள்ளி முற்றத்திலே ஒரு கம்பை நட்டோம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல் வைத்தோம். உச்சிப்பொழுது பன்னிரண்டு மணிக்குத்தான் என்று புத்தகம் படித்த பிள்ளைகள் அடித்துச் சொன்னார்கள். நிழல் மிகக் குறுகியதோ பதினொன்றே கால் மணியளவில்!

“கடிகாரம் பொய் சொல்கிறதா, சூரியன் பொய் சொல்கிறதா?” என்று ஒரு சிறுமி கேட்டாள். அந்த ஒரு வினாவுக்காகவே ஆசிரியனாகலாம் என்று எனக்குத் தோன்றியது. இந்தியக் கடிகாரம் 82½ பாகைத் தீர்க்கரேகையைப் பின்பற்றுகிறது. நாங்கள் நின்ற இடமோ அதற்கு ஏறத்தாழப் பத்துப் பாகை கிழக்கே. பாகைக்கு நான்கு நிமிடமாக நாற்பது நிமிடம் சூரியன் எங்களுக்கு முந்தி வருகிறான். பருவத்துக்கு ஏற்பச் சில நிமிடம் கூடும், குறையும். தில்லியின் நேரம் வேறு, தங்கள் தலைக்கு மேலுள்ள சூரியனின் நேரம் வேறு என்பதை ஒரு கம்பும் சில கூழாங்கற்களும் விளக்கின. செலவு ஒரு காசும் இல்லை. ‘வெளிக்களக் கல்விக்குப் பணம் ஏது?’ என்னும் இரண்டாவது வாதத்துக்கு அந்தக் கம்பே விடை.

அந்தக் கூழாங்கல் வரிசையைத் தலைமையாசிரியை வந்து பார்த்தார். இரண்டு நாள் கழித்து, மூன்று நிபந்தனைகளுடன் வெளியே போக அனுமதித்தார். ஒன்று: இந்திய நில அளவைத் துறை வெளியிடும் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்து நேரம் குறிக்க வேண்டும். இரண்டு: அந்த இடத்தை அறிந்த பெற்றோர் ஒருவர் உடன் வர வேண்டும். மூன்று: நீரில் இறங்கக் கூடாது. என் பி.எட். பாடத்திட்ட ஏட்டில் நோக்கம், துணைக்கருவி, மதிப்பீடு என்று பல கட்டங்கள் இருந்தன. இந்த மூன்றுக்கும் அதில் ஒரு கட்டம்கூட இல்லை. ஆனால் அந்த இரண்டு ஆண்டில் நான் கற்ற ஆசிரியப் பயிற்சி முழுவதும் இந்த மூன்று வரிகளில் அடங்கிவிட்டது என்றே இன்றும் எண்ணுகிறேன்.

இம்முறை சிப்பிகாட்டுக்குப் போனோம். பெயரைக் கேட்டதும் தமிழ்ப் பெயர் என்று மகிழ்ந்தேன். இந்தியிலும் சிப்பிக்குச் ‘சீப்பி’ என்றே பெயராம். சாலையோரத்தில் நின்று பார்த்தால் நீர்ப்பரப்பும் நாணலும் நாரைகளுமாக அழகிய ஏரி போலத் தோன்றும். 2004-ஆம் ஆண்டு வரை அவை விளைநிலங்கள். அன்றைய நில நடுக்கத்தில் தென் அந்தமானின் இப்பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. தாழ்ந்த நிலத்துக்குள் கடற்பெருக்கு நாளுக்கு இருமுறை வந்து போகத் தொடங்கியது. வடக்கே திக்லிப்பூர்ப் பக்கத்திலோ நிலம் உயர்ந்து, பவளப்பாறைகள் நீருக்கு மேலே வந்து காய்ந்து செத்தன. தெற்கே பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை நாலே கால் மீட்டர் தாழ்ந்து, அங்குள்ள கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்தது. ஒரு தட்டு ஏற, மறு தட்டு இறங்கும் தராசு போல ஒரு தீவுக்கூட்டமே அசைந்தது. இந்தியப் பாளம் கிழக்கே பர்மாப் பாளத்தின் அடியில் நுழைந்து சிக்கி, நெடுங்காலம் இறுகி, ஒரு காலை வேளையில் விடுபட்டதன் விளைவு அது.

இதை நான் சொல்லவில்லை; சொல்லத் தொடங்கி நிறுத்திக்கொண்டேன். எங்களுடன் வந்தவர் அந்தச் சிறுவனின் தந்தை. “நான் படிக்காதவன், என்னைப் போய்ப் பேசச் சொல்கிறீர்களே” என்று கூசி நின்றார். பிள்ளைகள் விடவில்லை. அவர் மெல்ல நீர்ப்பரப்பின் நடுவே கையை நீட்டி, “அந்தப் பட்ட மரம் தெரிகிறதல்லவா? அதற்கு இந்தப் பக்கம் நெல். அந்தப் பக்கம் தென்னை. நான் அங்கே களை எடுத்திருக்கிறேன்” என்றார். நில நடுக்கத்துக்குப் பின் பிறந்த பிள்ளைகள் அவர்கள். ஏரி என்று நாள்தோறும் பேருந்திலிருந்து பார்த்தது ஏரியன்று, ஒருவருடைய வயல் என்று அறிந்தபோது அவர்கள் முகம் மாறியதை நான் கண்டேன். அவருடைய மகன் நிமிர்ந்து நின்றான். அன்று வகுப்பின் முதல் மாணவன் அவன்தான்.

மகிழ்ச்சியாக இங்கே முடித்துவிடலாம். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அரையாண்டுத் தேர்வில் அச்சிறுவன் மீண்டும் தேறவில்லை. ‘வரையறு’, ‘கோடிட்ட இடத்தை நிரப்பு’ என்று வந்த வினாக்களுக்கு அவனிடம் விடை இல்லை. கடல் எப்போது ஏறும், எந்த வேர் காலைத் தாங்கும், எந்தச் சேறு இழுக்கும் என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை. இருபத்தெட்டுப் பேரை மேட்டில் ஏற்றிய அறிவுக்கு நம் தேர்வில் மதிப்பெண் இல்லை. எனக்கு உள்ள வழக்கு இதுதான், நண்பர்களே. வெளியே அழைத்துப் போவது மட்டும் போதாது. வெளியிலிருந்து வரும் அறிவை அறிவென்று ஏற்று மதிப்பிடவும் வேண்டும். இல்லையேல் வெளிக்களக் கல்வி நல்ல வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு நாட்பொழுது சுற்றுலா. நண்டு பிடிப்பவன் மகனுக்கு மற்றொரு தோல்வி.

‘பாடத்திட்டத்தை முடிக்க நேரம் இல்லையே’ என்பது மூன்றாம் வாதம். வெளியுலகத்தோடு பள்ளியறிவை இணைக்க வேண்டும் என்று 2005-ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டமே முதற் கொள்கையாக வகுத்தது. ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்குப் பத்து நாள் ‘புத்தகப்பை இல்லா நாட்கள்’ வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை கூறுகிறது. அக்கொள்கையின் பிற கூறுகளைப் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு, இருக்கட்டும். இந்தப் பத்து நாளில் நம்மவர் என்ன செய்யப் போகிறோம் என்பதே என் வினா. கடை வீதிக்கும் அருங்காட்சியகத்துக்கும் கூட்டிச் சென்று, குழுப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவோமானால், அந்தப் பத்து நாளும் பையோடேயே இருந்திருக்கலாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இதில் என் மனம் நெடுநாள் அலைந்தது. பாராதாங் தீவிலே சேற்றெரிமலை ஒன்று உண்டு. அதைப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டனர். விஞ்ஞானம் கற்பிப்பவன் மறுப்பானா? ஆனால் அங்கே போகும் சாலை, ஜாரவா மக்களின் காப்புக் காட்டினூடே போகிறது. அம்மக்களைக் காக்க 1956-ஆம் ஆண்டிலேயே சட்டம் உண்டு. 2002-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அக்காட்டினூடே போகும் சாலைப் பகுதியை மூடச் சொல்லி ஆணையிட்டது. ஆயினும் வண்டிகள் காவலுடன் கூட்டங்கூட்டமாகப் போய்க்கொண்டேதான் இருக்கின்றன. “போகும் வழியில் ஜாரவாக்களையும் பார்க்கலாம் சார்” என்று ஒரு பையன் ஆவலோடு சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. மரத்தைப் பார்க்கலாம், மண்ணைப் பார்க்கலாம், கடலைப் பார்க்கலாம். ஒரு மனிதனைச் சன்னல் வழியே வேடிக்கை பார்ப்பது கல்வியாகாது. நாங்கள் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதையே ஒரு மணி நேரம் பேசினோம். அந்தச் சேற்றெரிமலையை நான் இன்றுவரை கண்டதில்லை. அதனால் குறைந்துவிட்டதாகவும் தோன்றவில்லை. வெளியே போகக் கற்றுக்கொடுப்பவன், எங்கே போகாமல் நிற்க வேண்டும் என்பதையும் கற்றுக்கொடுக்க வேண்டும்.

இவ்வளவையும் ஏன் நம் மன்ற இதழில் எழுதுகிறேன்? நாம் அனைவரும் ஒரு வகையில் பழகாத நாட்டிலே இருப்பவர்கள்தாம். ஊரை விட்டு வந்திருக்கிறோம். ஞாயிறு தோறும் கூடுகிறோம், தமிழ் பேசுகிறோம், பொங்கலன்று பானை வைக்கிறோம். நல்லதுதான். ஆனால் நாம் நிற்கும் நிலத்தைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயரை அடுக்கியிருக்கிறார் என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். அந்தத் தொண்ணூற்றொன்பதில் ஒன்பதை நம்மால் அடையாளங் காட்ட முடியுமா? நிலத்தை முதற்பொருளாக வைத்து இலக்கணம் செய்த மக்கள் நாம். நிலத்தைப் பாராமலே அதன் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தால், முன்னோர் கண்ணைத் திறந்து சேர்த்ததை நாம் கண்ணை மூடிக்கொண்டு செலவழிப்பவர்கள் ஆவோம்.

ஆகவே சில எளிய வேண்டுகோள்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை மன்றத்தார் இவ்வளாகத்தைச் சுற்றி நடக்க வேண்டும். நடத்திச் செல்பவர் பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை; நம் தோட்டக்காரரோ, காவற்காரரோ, இவ்வூர் மாணவ நண்பரோ இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் பத்து மரங்களின் பெயரை இவ்வூர் மொழியிலும் தமிழிலும் எழுதிச் சேர்க்க வேண்டும். மன்ற வாயிலில் ஒரு கம்பு நட்டு, இவ்வூரின் உண்மையான உச்சிப்பொழுது எதுவென்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். ஆசிரியராகப் போகும் நண்பர்களுக்கு மட்டும் தனியே ஒரு வேண்டுகோள்: புதிய ஊரின் பள்ளிக்குப் போன முதல் வாரம் பாடம் நடத்தாதீர்கள். பிள்ளைகளை உங்களுக்குப் பாடம் நடத்தச் சொல்லுங்கள். கடைசி வரிசையில் அமர்ந்து, விடைத்தாளில் வெற்றிடம் விடுபவன் வாயைத் திறந்தால், அவன் மொழி உங்களுக்குப் புரியாவிட்டாலும் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். அவன் சொல்வது கடல் ஏறுகிறது என்பதாக இருக்கலாம்.

இத்திட்டத்தை மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் முன்மொழிய இருக்கிறேன். எதிர்ப்போர் தாராளமாக எதிர்க்கலாம். ஆனால் எழுந்து பேசுமுன், நம் விடுதி வாயிலில் நாள்தோறும் நமக்கு நிழல் தரும் மரத்தின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் பேசட்டும்.